எல்லைப்புறத்தில் பழைய வாகனச் சந்தை: இணையவழி மோசடிகளும் தற்காப்பு முறைகளும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரள எல்லைப்புறத்தில் உள்ள பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டமும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களும் தமிழகத்தோடு நெருங்கிய வாணிபத் தொடர்பு கொண்டவை. இவ்விரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆயினும் இரண்டின் எல்லைப்புறப் பொருளாதாரமும் மாநில எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களைச் சார்ந்தே இயங்குகிறது. கொழிஞ்ஞாம்பாறைக்கும் மீனாட்சிபுரத்துக்கும் பொள்ளாச்சி எப்படியோ, அப்படியே குமுளிக்குக் கம்பமும், சாந்தன்பாறைக்குப் போடிநாயக்கனூரும். ஏலத் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தேனி மாவட்டத்திலிருந்து தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறுகின்றனர்.

இத்தகைய பகுதியில் பழைய ஜீப்பையோ, சிறு காரையோ ஆடம்பரப் பொருள் என்று கருதுவதற்கில்லை. அது ஒரு குடும்பத்தின் உற்பத்திக் கருவி. பல ஆண்டுச் சேமிப்போடு நகைக்கடனையும் சேர்த்தே அது பெரும்பாலும் வாங்கப்படுகிறது. ஆகவே அந்த ஒரு கொடுக்கல் வாங்கலில் ஏற்படும் இழப்பு, குடும்பத்தின் வருமானத்தையே பல ஆண்டுகளுக்குப் பாதிக்கக்கூடியது.

முன்னர் இவ்வாணிபம் பட்டறை மெக்கானிக், உள்ளூர்த் தரகர், உறவினர் என்ற வட்டத்துக்குள் நடந்தது. வண்டியை ஓட்டியவரையும், அது எந்த வளைவில் எப்போது உருண்டது என்பதையும் ஊரார் அறிந்திருந்தனர். இன்று மறையூரில் இருப்பவர் திருச்சூரிலோ கோவையிலோ உள்ள வண்டியைக் கைப்பேசியில் பார்த்து விலை பேசுகிறார். தேர்வு விரிந்திருக்கிறது, தரகுச் செலவு குறைந்திருக்கிறது. இவை மெய்யான நன்மைகளே. ஆனால் ஊரார் அறிவு என்ற பழைய காப்பு அகன்றுவிட்டது. அவ்விடத்தை நிரப்பப் புதிய காப்பு எதையும் பலர் தேடிக்கொள்வதில்லை.

சந்தையின் இயல்பு

பழைய காரைப் பற்றி விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. எளிய இவ்வுண்மையிலிருந்து ஒரு பொருளாதாரக் கோட்பாடே பிறந்தது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் பழைய கார்ச் சந்தையையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். நல்ல வண்டியையும் பழுதுள்ள வண்டியையும் வாங்குபவரால் பிரித்தறிய இயலாதபோது, அவர் எல்லா வண்டிகளுக்கும் சராசரி விலையையே தர முன்வருவார். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க உரிமையாளர் விரும்பமாட்டார். நல்லவை சந்தையிலிருந்து விலக விலகப் பழுதுள்ளவையே மிஞ்சும். இவ்வாய்வுத் துறைக்காக அவருக்கும் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் 2001-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அக்கர்லாஃப் சொல்லாமலே இதை வாணியங்குளத்து மாட்டுச் சந்தையும் பொள்ளாச்சிச் சந்தையும் அறிந்திருந்தன எனலாம். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைக் கணிப்பதும், சுழி பார்ப்பதும், நடக்கவிட்டுப் பார்ப்பதும் இந்த அறிவுக் குறைவை ஈடுசெய்ய மக்கள் கண்ட வழிகளே. மாட்டுக்குப் பல் பார்த்த குடும்பம், காருக்குப் படம் மட்டும் பார்த்து முன்பணம் அனுப்புவது விந்தைதான்.

இதனால் மின்னணுச் சந்தை என்பதே மோசடிக்கு இடமளிப்பது என்று முடிவு கட்டிவிடலாகாது. இதே இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும், எல்லைக்கு இப்பால் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகிறது. அங்கே ஏலம் நடத்தும் நிறுவனமும் உரிமம் பெற்றது, வாங்கும் வியாபாரியும் உரிமம் பெற்றவர். காயின் மாதிரி வியாபாரியின் கைக்கு வந்த பின்னரே விலை கேட்கப்படுகிறது. தனிநபர் தனிநபருக்கு வாகனம் விற்கும் விளம்பரத் தளங்களில் இவற்றுள் எதுவும் இல்லை. தளம் ஓர் அறிவிப்புப் பலகை போன்றதே. பலகையில் ஒட்டப்பட்ட தாள் மெய்யா பொய்யா என்பதை வாங்குபவரே உறுதிசெய்துகொள்ள வேண்டியுள்ளது.

மோசடியின் வடிவங்கள்

பல ஆண்டுகளாக நாடெங்கும் பதிவாகிவரும் ஒரு வடிவம், இராணுவ வீரர் வேடம். தாம் இராணுவத்திலோ, விமான நிலையப் பாதுகாப்புப் படையிலோ பணியாற்றுவதாகவும், திடீர் மாறுதல் காரணமாக வண்டியைக் குறைந்த விலைக்குக் கொடுப்பதாகவும் ஒருவர் கூறுவார். சீருடைப் படமும் அடையாள அட்டையின் நகலும் வரும். வண்டியை நேரில் காட்ட இயலாது, இராணுவப் போக்குவரத்து மூலம் அனுப்பிவைப்பதாகச் சொல்லப்படும். முதலில் அனுப்பும் கட்டணம், பிறகு காப்புத்தொகை, அதன் பின் வரி என்று சிறு சிறு தொகைகளாகக் கேட்கப்படும். முன்பு அனுப்பியதை இழக்கக்கூடாதே என்ற எண்ணமே அடுத்த தொகையை அனுப்பவைக்கிறது. படைவீரரிடம் மக்களுக்குள்ள மதிப்பை முதலீடாக்கும் இம்முறை மிக இழிவானது. ஆனால் இதைக் கண்டறிவது எளிது. வண்டி நேரில் வராது என்றால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்வதே போதுமானது.

இதைவிட நுட்பமானது, வாங்குபவரையும் விற்பவரையும் ஒருங்கே ஏமாற்றும் இடையாள் முறை. இதை ஒரு கற்பனை உதாரணத்தால் விளக்கலாம். நெடுங்கண்டத்தில் ஒருவர் தம் காரை ரூ. 4,60,000-க்கு விற்பதாக விளம்பரம் செய்கிறார். மோசடிக்காரர் அவரை அழைத்து விலையை உடனே ஒப்புக்கொள்கிறார். அதே படங்களைக் கொண்டு ரூ. 3,70,000 என்று மற்றொரு விளம்பரத்தைத் தாமே வெளியிடுகிறார். கம்பத்திலிருந்து ஒருவர் அதைக் கண்டு தொடர்புகொள்கிறார். ‘வண்டி என் மைத்துனரிடம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். எங்களுக்குள் பணத்தகராறு உண்டு, அவரிடம் விலை பேச வேண்டாம்’ என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. விற்பவரிடமோ, ‘என்னிடம் கடன்பட்ட ஒருவர் வந்து பார்ப்பார். அவருக்குக் கொடுக்கவே வாங்குகிறேன், விலையைச் சொல்லிவிடாதீர்கள்’ என்று கூறப்படுகிறது.

கம்பத்துக்காரர் மலையேறி வந்து பார்க்கிறார். கார் உண்மையானது, பதிவுச் சான்றிதழ் உண்மையானது, உரிமையாளரும் உண்மையானவர். ஐயத்துக்கு இடமில்லை. பணத்தை அவர் மோசடிக்காரரின் கணக்குக்கு அனுப்புகிறார். சற்று நேரத்தில் இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டி நிற்கின்றனர், மூன்றாமவரின் கைப்பேசி அணைக்கப்பட்டிருக்கிறது. எல்லைப்பகுதியில் ஒருவர் தமிழும் மற்றவர் மலையாளமும் பேசுபவராக இருந்து, இருவருக்கும் இடையே தொலைபேசியில் மூன்றாமவரே பேச்சாளராக அமைந்துவிட்டால் இவ்வேலை இன்னும் எளிதாகிறது.

இதற்கு மாற்று ஒன்றே. விலையை நேரில், விற்பவரும் வாங்குபவரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேச வேண்டும். பணம் பதிவுச் சான்றிதழில் பெயருள்ளவரின் வங்கிக் கணக்குக்கே செல்ல வேண்டும். ‘விலை பேசாதீர்கள்’ என்ற சொல் யாரிடமிருந்து வந்தாலும் அதுவே அபாய அறிவிப்பு.

விற்பவரை மட்டும் குறிவைக்கும் முறையும் உண்டு. முன்பணம் அனுப்புவதாகக் கூறி ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து யுபிஐ இரகசிய எண்ணை இடுமாறு கேட்பார்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, பணம் கொடுப்பதற்கு மட்டுமே தேவை. தனிநபர்களுக்கிடையே பணம் கேட்டு வேண்டுகோள் அனுப்பும் வசதி 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டதால் ஒரு வாயில் அடைபட்டது. கியூஆர் வழி இன்னும் திறந்தே உள்ளது. பணம் வந்துவிட்டதாகக் காட்டும் போலிக் குறுஞ்செய்தியும், திருத்தப்பட்ட திரைப்படமும் இதன் கிளைகள். தம் வங்கிக் கணக்கின் இருப்பைத் தாமே பார்த்த பிறகே சாவியைக் கொடுப்பது முறை.

வாடகைக்கு எடுத்த காரை அடகு வைப்பதும் விற்பதும், விற்ற காரில் மறைத்துவைத்த ஜிபிஎஸ் கருவியின் உதவியால் அதைப் பின்தொடர்ந்து மாற்றுச் சாவி கொண்டு திருடிச் செல்வதும் கேரளக் காவல்துறைக்குப் பழகிப்போன வழக்குகள். இரண்டு சாவிகளையும் பெற்றுக்கொள்வதும், நம்பிக்கையான மெக்கானிக்கைக் கொண்டு மின்கம்பி இணைப்புகளைச் சோதிப்பதும் இதனால் அவசியமாகின்றன.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2018 ஆகஸ்டு வெள்ளம் கேரளத்தில் ஏராளமான வாகனங்களை மூழ்கடித்தது. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அதுவே நிகழ்ந்தது. முழு இழப்பு என்று காப்பீட்டு நிறுவனம் தீர்த்துவைத்த வண்டிகள் உடைசல் விலைக்குக் கைமாறி, சுத்தம் செய்யப்பட்டு, வேறு ஊர்களில் விற்பனைக்கு வருவதுண்டு. என்ஜின் ஓடும், ஆனால் மின்னணுப் பாகங்களில் அரிப்பு மெல்ல மெல்லப் பரவும். இருக்கைப் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தென்படலாம். தரைவிரிப்பின் அடியில் வண்டல், இருக்கைத் திருகுகளில் துரு, முகப்பு விளக்கின் உட்புறத்தில் நீர்ப்படலம், கதவைத் திறந்ததும் எழும் பூஞ்சை வாடை ஆகியவையும் வண்டியின் வரலாற்றைச் சொல்லும்.

உடைசல் வண்டிகளால் மற்றொரு தீங்கும் விளைகிறது. அழிந்த வண்டியின் ஆவணங்களை வைத்துக்கொண்டு, அதே மாதிரியில் ஒரு காரைத் திருடி, சேஸிஸ் எண்ணை அரைத்து அழித்து அழிந்த வண்டியின் எண்ணைப் பொறிப்பது அது. இங்கே ஆவணம் மெய், வண்டி பொய். எனவே சான்றிதழிலுள்ள சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். எழுத்துகளின் ஆழம் சீராக இல்லாவிடினும், அவ்விடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் தெரிந்தாலும் வண்டியை வாங்கலாகாது. திருட்டுப் பொருளை எவ்வளவு நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் அதன் உரிமை வாங்கியவருக்குச் சேராது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு அளிக்க இயலாது என்பது 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை.

ஆவணச் சோதனை

மத்திய அரசின் ‘வாகன்’ தரவுத் தொகுப்பில் பதிவெண்ணைக் கொண்டு பதிவு நாள், தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றின் காலம், கடன் கொடுத்த நிறுவனம் ஆகிய விவரங்களைப் பொதுமக்கள் அறியலாம். நிலுவையிலுள்ள அபராதங்களை இ-சலான் தளத்தில் காணலாம். திருட்டு வழக்கில் தொடர்புள்ள வண்டியா என்பதைத் தேசியக் குற்றப் பதிவேட்டு நிறுவனத்தின் ‘வாகன் சமன்வய்’ வசதி தெரிவிக்கும். இவற்றைப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அரசுத் தளத்தை நேரடியாகத் திறந்தே பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் ‘பரிவாகன்’ பெயர்கொண்ட செயலிக் கோப்புகள் பல, வங்கிக் கணக்கைத் திருடுவதற்கென்றே தயாரிக்கப்பட்டவை.

வங்கிக் கடன் உள்ள வண்டியைப் பொறுத்தவரை, கடன் தீர்ந்தது என்ற வாய்மொழி போதாது. நிதி நிறுவனம் ஒப்பமிட்ட 35-ஆம் எண் படிவமும், அதனடிப்படையில் சான்றிதழிலிருந்து கடன் குறிப்பு நீக்கப்பட்டதும் தேவை. நிதி நிறுவனத்தின் கடிதமே போலியாக இருக்கலாம் என்பதால், அந்தக் கிளைக்கு நேரில் சென்று கேட்பது நலம்.

ஆயினும் கணினிப் பதிவையே இறுதிச் சான்றாகக் கொள்வதும் சரியன்று. 2025 செப்டம்பர் 23 அன்று கேரளத்தில் சுங்கத்துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் பரவலான சோதனை நடத்தியது. பூட்டான் மொழியில் வாகனம் என்று பொருள்படும் சொல் அது. அந்நாட்டிலிருந்து முறைகேடாகக் கொண்டுவரப்பட்ட உயர்விலைக் கார்கள், போலி ஆவணங்களின் பேரில் பிற மாநிலங்களில் பதிவு பெற்றுப் பின்னர் விற்கப்பட்டன என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு. பதிவேட்டில் பெயர் இருந்தும் வண்டிகள் கைப்பற்றப்பட்டன. வெகுதூர மாநிலத்தில் முதற்பதிவு பெற்று, விலையும் வியப்பூட்டும் அளவு குறைந்திருந்தால், முதல் விற்பனைச் சீட்டிலிருந்து விசாரிப்பதே விவேகம்.

எல்லை கடக்கும்போது

தேனிப் பதிவான டி.என். 60 எண்ணுடைய வண்டியை உடும்பன்சோலைக்காரர் வாங்குவதும், சித்தூர்ப் பதிவான கே.எல். 70 வண்டியைப் பொள்ளாச்சிக்காரர் வாங்குவதும் இப்பகுதியில் இயல்பு. பத்து கிலோமீட்டர் தொலைவே ஆயினும் சட்டத்தின் கண்ணில் அது வேறு மாநிலம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 48-ஆவது பிரிவின்படி, 28-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்துப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றிதழைப் பெற வேண்டும். 30 நாட்களுக்குள் அவ்வலுவலகம் தன் முடிவைத் தெரிவிக்காவிடில், சான்றிதழ் வழங்கப்பட்டதாகவே கருதப்படும் என்று அப்பிரிவு கூறுகிறது. இவ்விதியை அலுவலர்களே சில சமயம் நினைவூட்டிக்கொள்வது நல்லது.

ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள்ளும், வேறு மாநிலத்துக்கு விற்றால் 45 நாட்களுக்குள்ளும் விற்றவர் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாட்கள் உண்டு. புதிய மாநிலத்தின் வாகன வரி தனி. இவ்வரியை விலைப் பேச்சின்போது கணக்கில் சேர்க்காமல் விடுவதே, ‘அப்பக்கம் மலிவு’ என்ற எண்ணம் பின்னர் ஏமாற்றமாவதற்குக் காரணம். வரியைத் தவிர்க்க எண்ணிப் பெயர் மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோரும் உள்ளனர். இதனால் முதலில் சிக்குபவர் விற்றவர்.

விற்றவரின் பொறுப்பு

29, 30-ஆம் எண் படிவங்களை நிரப்பாமலே கையொப்பமிட்டுத் தரகரிடம் கொடுத்து, பணத்தைப் பெற்றுக்கொண்டு வண்டியை மறந்துவிடுவது நெடுங்காலப் பழக்கம். இதன் விளைவை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் தெளிவுபடுத்தியது. அதில் 2007-இல் விற்கப்பட்ட கார் அடுத்தடுத்துப் பலர் கைமாறி, 2009-இல் உயிரிழப்பு விபத்தில் சிக்கியது. பதிவேட்டில் முதலாமவர் பெயரே இருந்தது. பதிவு மாறாத வரையில் பதிவேட்டிலுள்ளவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்தில் சிக்கிய குடும்பம், கைமாறிய வண்டியின் பின்னால் ஒவ்வொரு கையாகத் தேடி அலையும்படி விடலாகாது என்பது அதன் கருத்து. நியாயமான கருத்தே. ஆனால் பத்து ஆண்டுகளுக்கு முன் வண்டியை விற்றுவிட்ட ஒருவருக்கு, அறிவிப்பாணை வரும்போதுதான் அதன் கனம் தெரியும்.

விபத்துவரை போகவும் வேண்டியதில்லை. கேரளத்தில் 2023 ஜூன் முதல் 726 கேமராக்களின் வழியாகப் போக்குவரத்து விதிமீறல்களுக்கு அபராதம் விதிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அபராத அறிவிப்பு பதிவேட்டிலுள்ள முகவரிக்கே வரும். ஃபாஸ்டேக் ஒட்டியபடியே வண்டியைக் கொடுத்துவிட்டால், பாம்பாம்பள்ளம் சுங்கச் சாவடியைப் புதியவர் கடக்கும்போது பணம் பழையவரின் கணக்கிலிருந்து கழியும். ஆதலால் வண்டியை ஒப்படைத்த நாளையும் மணியையும் குறிப்பிட்டு இருவரும் கையொப்பமிட்ட ஒப்படைப்புச் சீட்டு, வாங்குபவரின் அடையாள நகல், ஃபாஸ்டேக் கணக்கை மூடுதல், பெயர் மாற்ற விண்ணப்பத்தின் ரசீது ஆகியவை இல்லாமல் விற்பனை முடிந்ததாகக் கொள்ள முடியாது. ஒரே பரிவர்த்தனையில் ரூ. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதற்கு வருமானவரிச் சட்டத்தில் 2017 முதல் தடையுள்ளதும் நினைவிற்குரியது.

காப்பீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு சேர்ந்து புதியவருக்குச் செல்லும். ஆனால் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பு அவ்வாறு தானாகச் செல்லாது. 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்காதவர், மலைச்சாலையில் வண்டி சேதமானால் தம் கையிலிருந்தே செலவிட நேரும்.

வணிகர்கள் மூலம் விற்போருக்கு இந்நிலையை மாற்ற, மத்திய மோட்டார் வாகன விதிகள் 2022 டிசம்பரில் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய வாகன வணிகர் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும். வண்டி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதை 29சி படிவத்தின் மூலம் மின்னணு முறையில் தெரிவித்தவுடன், அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அதன்பின் நிகழ்பவற்றுக்கு அவரே பொறுப்பு. ஆகவே வணிகரிடம் வண்டியை விடுபவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அங்கீகாரச் சான்றிதழ் உள்ளதா என்பதே. இரு தனிநபர்கள் விளம்பரத்தின் மூலம் நேரடியாக விற்று வாங்கும்போது இவ்விதி துணைக்கு வராது.

பணம் போன பின்

ஏமாற்றப்பட்டதை உணர்ந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளம் 2019-இலும், நிதி மோசடிகளுக்கான உடனடிப் புகார் முறை 2021-இலும் தொடங்கப்பட்டன. புகார் பதிவானதும் தொகை சென்ற வங்கிக்குச் செய்தி போகிறது. மோசடிக்காரர் அதை வேறு கணக்குகளுக்கு மாற்றுமுன் நிறுத்திவைக்க முடிந்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. முதல் ஓரிரு மணி நேரமே முக்கியமானது. எந்த மாநிலக் காவல் நிலையத்துக்குச் செல்வது என்று குமுளியிலும் வாளையாறிலும் தயங்கி நிற்கத் தேவையில்லை. இவ்வெண் நாடு முழுவதற்கும் பொது. பரிவர்த்தனை எண், பணம் சென்ற கணக்கு, விளம்பரத்தின் படம், உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 319-ஆவது பிரிவுகளும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் இத்தகைய வழக்குகளுக்குப் பொருந்தும்.

நேர்மையாக விற்றவரும் இம்முறையால் சில வேளை இடருக்குள்ளாவதுண்டு. வேறொருவரை ஏமாற்றிப் பெற்ற பணத்தைக் கொண்டு வண்டி வாங்கப்பட்டிருந்தால், புகாரைத் தொடர்ந்து விற்றவரின் கணக்கு முடக்கப்படலாம். புகாருக்குள்ளான தொகையளவுக்கு மட்டுமே முடக்கம் இருக்க வேண்டும், கணக்கு முழுவதையும் முடக்கலாகாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023-இல் கூறியுள்ளது. அப்போது விற்பனைச் சீட்டும் ஒப்படைப்புச் சீட்டும் பெயர் மாற்ற ரசீதும் கையில் இருப்பவர், அத்தொகை வண்டிக்கு வந்த விலை என்பதை வங்கிக்கும் காவல்துறைக்கும் காட்ட முடியும்.